தறிக்கு முந்தைய பாடம்: அன்னி ஆல்பர்ஸின் நெசவுக் கல்வி

இருபதாம் நூற்றாண்டின் துணிக்கலைஞர்களுள், நெய்த அளவுக்கு நெசவைப் பற்றிப் பேசியும் எழுதியும் பயிற்றுவித்தும் வந்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் அன்னி ஆல்பர்ஸ் (1899–1994) முதலில் வைத்து எண்ணப்பட வேண்டியவர். பெர்லினில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்து, பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் நெசவு கற்று, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1949இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி பெற்ற முதல் நெசவுக் கலைஞரானார். அவருடைய துணிகளைப் பற்றிய நூல்கள் பல உண்டு. இவ்வுரை எடுத்துக்கொள்வது, அத்துணிகளின் நிழலில் சற்று மறைந்துகிடக்கும் அவருடைய கற்பித்தல் முறையை. ஒரு கைத்தொழிலைப் பிறருக்குப் பகிர்வது என்றால் செய்முறையைக் காட்டிக்கொடுப்பது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆல்பர்ஸ் செய்முறையைக் கடைசிக்குத் தள்ளி, அச்செய்முறை ஏன் தோன்ற நேர்ந்தது என்ற கேள்வியில் மாணவரைக் கொண்டுபோய் நிறுத்தினார் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

இந்த முறையின் வேர் பவ்ஹவுஸில் இருக்கிறது. வால்டர் குரோப்பியஸ் 1919இல் வைமர் நகரில் தொடங்கிய அப்பள்ளி, ஓவியம், சிற்பம், கட்டடம், கைத்தொழில் ஆகியவற்றுக்கு இடையே இருந்த சுவர்களை இடிப்பதாக அறிவித்துக்கொண்டாலும், பெண் மாணவர்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. 1922இல் அங்கே சேர்ந்த அன்னி, தம் வருங்காலக் கணவர் ஜோசஃப் ஆல்பர்ஸ் பணியாற்றிய கண்ணாடிப் பட்டறைக்குச் செல்லவே விரும்பினார், அது வாய்க்கவில்லை. நூல் வேலை மென்மையான பெண்களுக்கான பொழுதுபோக்கு என்ற எண்ணம் அப்போது அவருக்கே இருந்தது. புரட்சி பேசிய ஒரு பள்ளியின் பழைய பழக்கத்தால் நெசவுக்குள் தள்ளப்பட்ட ஒருவர், அந்நெசவுக்கே அந்நூற்றாண்டின் மிகக் கூர்மையான சிந்தனையாளராக ஆனார் என்பதை வரலாற்றின் கிண்டல் என்றே சொல்ல வேண்டும்.

தறி அவருக்கு அளித்தது எல்லை. நெசவில் நீளவாட்டில் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்படும் இழைகள் பாவு எனவும், அவற்றுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாகச் செலுத்தப்படும் இழை ஊடை எனவும் வழங்கும். எந்தத் துணியும் இவ்விரு திசைகளும் செங்கோணத்தில் சந்திப்பதால் பிறப்பதாகையால், ஓவியர் தூரிகையால் தாம் நினைத்த இடத்தில் நினைத்த வளைவை இழுப்பதுபோல நெசவாளர் இழுத்துவிட முடியாது. ஊடை ஒவ்வொரு முறையும் எந்தப் பாவிழையின் மேலே செல்கிறது, எதன் கீழே செல்கிறது என்ற கணக்குக்குள்தான் அவருடைய கற்பனை முழுவதும் நடந்தாக வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் செல்வது சாதா நெசவு. அந்தக் கடப்பு வரிக்கு வரி ஓரிழை நகர்ந்து சாய்கோடாகத் தெரிவது ட்வில். இழைகள் பலவற்றைத் தாண்டி நீளமாக மிதந்து, பின்னல் தெரியாமல் வழவழப்பான முகத்தைக் காட்டுவது சாட்டின். இம்மூன்றே அடிப்படை, உலகத்து நெசவுகளில் பெரும்பகுதி இவற்றின் திரிபும் கலப்புமே. ஓவியர் பால் கிளே நெசவு மாணவர்களுக்கு நடத்திய வடிவ வகுப்புகளில், கோடும் கட்டமும் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வந்து ஒழுங்கை உருவாக்கும் விதத்தைக் கற்ற அன்னிக்கு, தறியின் இந்தக் கணக்கு சிறையாகத் தோன்றாமல் மொழியின் இலக்கணமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பவ்ஹவுஸில் அவர் பட்டயம் பெற்ற வேலை, இந்தச் சிந்தனை அழகுணர்ச்சியோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. பெர்லினுக்கு அருகிலுள்ள பெர்னாவ் என்ற ஊரில், கட்டடக்கலைஞர் ஹான்னெஸ் மேயர் வடிவமைத்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கில் எதிரொலி தொல்லையாக இருந்தது. அதைப் போக்க ஆல்பர்ஸ் நெய்த சுவர்த்துணியின் பின்முகத்தில் ஒலியை உறிஞ்சும் பஞ்சுபோன்ற ஷெனில் நூலும், முன்முகத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் செலோபேனும் இருந்தன. செலோபேன் என்பது இனிப்புகளையும் பரிசுகளையும் சுற்றும் கண்ணாடித்தாள். ஒரே துணியின் ஒரு பக்கம் காதுக்காகவும் மறுபக்கம் கண்ணுக்காகவும் உழைத்தது. அத்துணியின் ஒளி திருப்பும் திறனை ஸைஸ் ஐகான் கோயர்ஸ் ஒளியியல் நிறுவனம் ஆராய்ந்து உறுதிசெய்தது. 1930இல் அவருக்குப் பட்டயம் கிடைத்தது. ஒரு துணிக்குப் பூவேலைப்பாட்டைத் தவிர வேறு கடமைகளும் உண்டு என்ற பாடத்தைத் தம் மாணவர்களுக்குப் பிற்காலத்தில் சொல்ல அவருக்கு இதைவிட நல்ல சான்று தேவைப்படவில்லை.

1933இல் நாஜி அரசின் நெருக்கடியால் பவ்ஹவுஸ் மூடப்பட்டபோது, பெர்லினுக்கு வந்திருந்த அமெரிக்கக் கட்டடக்கலை அறிஞர் பிலிப் ஜான்சன் ஆல்பர்ஸ் தம்பதியரைப் பற்றித் தம் நாட்டில் எடுத்துச்சொல்ல, வட கரோலினா மாநிலத்தில் அதே ஆண்டு தொடங்கப்பட்டிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அன்னி யூதக் குடும்பத்தில் பிறந்தவராதலால் அந்த அழைப்பு வெறும் வேலைவாய்ப்பாக இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் இருவரும் அமெரிக்கா சேர்ந்தனர். ஜோசஃபுக்கு ஆங்கிலம் ஏறக்குறைய தெரியாது. இளமையிலேயே அம்மொழியைக் கற்றிருந்த அன்னியே தொடக்கத்தில் கணவருக்கும் சேர்த்துப் பேசினார். அக்கல்லூரி மிகச் சிறியது, எப்போதும் பணத்தட்டுப்பாட்டில் இருந்தது; மாணவரும் ஆசிரியரும் வயல்வேலை, கட்டட வேலைகளைப் பகிர்ந்துகொண்டனர். 1949 வரை அங்கே அவர் நெசவு கற்பித்தார்.

அங்கே அவர் வகுத்த முதற்பயிற்சி, நெசவுக் கல்வியின் வரலாற்றில் தனித்து நிற்கிறது. மாணவர்கள் தம்மைப் பெரு நாட்டின் பாலைநிலக் கடற்கரையில், உடையோ கருவியோ ஏதுமின்றி நிற்பவர்களாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். வெயில் சுடுகிறது, காற்று வீசுகிறது, கையருகே கிடைப்பவை புல், நார், மரப்பட்டை, விலங்குத் தோல், குடல் போன்றவை மட்டுமே. உடலை மறைக்கவும், மீனைப் பிடிக்கவும், பொருளைச் சுமக்கவும், நிழலைக் கட்டவும் இவற்றைக்கொண்டு என்ன செய்யலாம் என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முடிச்சும் முறுக்கும் பின்னலும் வலையும், புத்தகத்தில் படித்த பெயர்களாக வராமல், தேவைக்குப் பதிலாகக் கையிலிருந்தே பிறந்து வரும். பெரு நாடு அவர் தற்செயலாகத் தேர்ந்த இடம் இல்லை. அந்நிலத்தின் வறண்ட மணலில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் கிடைத்த துணிகள், மனிதர் கண்டுபிடித்த நெசவு முறைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் தம்முள் கொண்டிருக்கின்றன என்பது அவருடைய உறுதியான கணிப்பு.

இக்கற்பனைப் பயிற்சிக்குப் பின்னும் மாணவர் நேரே பெரிய தறிக்குப் போய்விடவில்லை. அடுத்து வந்தது இடுப்புத் தறி. இதில் பாவின் ஒரு முனைக் கழி மரத்திலோ தூணிலோ கட்டப்பட்டிருக்கும். மறுமுனைக் கழி, நெய்பவரின் இடுப்பைச் சுற்றிய பட்டையோடு இணைந்திருக்கும். அவர் பின்சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்சாய்ந்தால் தளரும். சட்டம் இல்லை, மிதிக்கட்டை இல்லை, நெய்பவரின் உடலே தறியின் பாதி. பாவிழைகளை வேண்டிய வரிசையில் உயர்த்தித் தரும் விழுது, ஊடையை நெருக்கி அடிக்கும் அச்சு, விழுதை இயக்கும் மிதி ஆகியவை பிற்காலத் தறியில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, நெய்பவரின் எந்த உறுப்பு செய்த வேலையை எந்தக் கருவி எடுத்துக்கொண்டது என்பது இடுப்புத் தறியில் உட்கார்ந்து பார்த்தவருக்கே முழுமையாக விளங்கும். கருவி வளர வளர வேகம் கூடியது. ஆனால் ஒவ்வோர் இழையையும் கையால் எடுத்து விருப்பப்படி போடும் உரிமை குறைந்தது. பழைய பெரு நெசவாளர்கள் எளிய கருவியில் செய்த சிக்கலான வேலைகளை மிதித்தறியில் செய்வது கடினம் என்ற, முதலில் கேட்பவருக்கு முரணாகத் தோன்றும் உண்மையை அவர் இவ்வாறு மாணவர் உடம்புக்கே உணர்த்தினார்.

தொடுவுணர்வைப் பற்றிய பயிற்சிகள் இதனினும் விரிவாகப் பேசத்தக்கவை. நவீன மனிதர் எல்லாவற்றையும் ஆயத்தமாக வாங்குகிறார். ரொட்டி துண்டு போட்டு வருகிறது, துணி வெட்டித் தைத்து வருகிறது. ஆகவே பொருளை விரலால் அறியும் திறன் அவரிடம் மழுங்கிவிட்டது என்பது ஆல்பர்ஸின் குற்றச்சாட்டு. கண்ணுக்கும் விரலுக்கும் இடையே நிற்கும் பண்பு ஒன்று துணியில் உண்டு: சொரசொரப்பு, வழவழப்பு, மினுக்கம், மங்கல், நெருக்கம், இடைவெளி ஆகியவை சேர்ந்த மேற்பரப்புத் தன்மை அது. இதை மாணவர்கள் நூலே இல்லாமல் பயின்றனர். சோள மணிகளை வரிசையாக அடுக்கினர், காகிதத்தை முறுக்கினர், ஊசியால் பின்புறமிருந்து குத்திப் புடைப்புகளை உண்டாக்கினர், புல்லையும் உலோகச் சீவல்களையும் பரப்பிப் பார்த்தனர். இவற்றுள் மிக நுட்பமானது தட்டச்சு இயந்திரத்தால் செய்த பயிற்சி: ஒரே எழுத்தையோ குறியையோ நெருக்கியும் விட்டும் மேலேற்றியும் அடித்து, தொட்டால் வெறும் காகிதமாகவும் பார்த்தால் துணியாகவும் தோன்றும் பரப்பை உண்டாக்குவது. தொடும்போது அறிவதும் பார்க்கும்போது நம்புவதும் வெவ்வேறு என்பதை இப்பயிற்சி ஒரே தாளில் பிரித்துக் காட்டிவிடுகிறது. இவற்றுக்குச் செலவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பணமில்லாத கல்லூரியின் வறுமையும் ஆசிரியரின் கொள்கையும் இங்கே வசதியாக ஒத்துப்போயின.

இதே எண்ணம் துணிக்கு வெளியேயும் சென்றது. 1930களின் நடுவிலிருந்து ஆல்பர்ஸ் தம்பதியர் பலமுறை மெக்சிகோவுக்குச் சென்றனர். அங்கே மான்டே ஆல்பன் கல்லறையிலிருந்து 1932இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பண்டைய அணிகலன்களில், பொன்னும் முத்தும் எளிய சிப்பியோடும் கல்லோடும் கூச்சமின்றிக் கலந்திருந்ததை அன்னி கண்டார். அதன் விளைவாக, அலெக்ஸ் ரீட் என்ற மாணவரோடு சேர்ந்து, இரும்புக்கடையிலும் எழுதுபொருள் கடையிலும் கிடைத்தவற்றால் அணிகள் செய்தார்: கழுவுதொட்டியின் வடிதட்டும் காகிதக் கவ்விகளும் ஒரு கழுத்தணி ஆயின, நாடாவில் கோத்த உலோக வாஷர்கள் இன்னொன்று, கொண்டை ஊசிகள் மற்றொன்று. 1942இல் கல்லூரியில் இவ்வணிகளைப் பற்றி அவர் ஓர் உரையும் நிகழ்த்தினார். பொருளின் மதிப்பு அதன் விலையிலா, அதை வைத்துச் செய்ததிலா என்ற பழைய வழக்கைப் போர்க்காலத்தில், உலோகமும் ஆடம்பரமும் தட்டுப்பாடாக இருந்த ஒரு காலத்தில், அவர் கேட்போர் முன் வைத்தது பொருத்தமானதே.

மெக்சிகோவிலும் பிற இடங்களிலும் அவர் சேர்த்த பழந்துணித் துண்டுகள் வகுப்பறைக்கு வந்தன. போர்ப் பணியில் ஐரோப்பாவில் உயிரிழந்த முன்னாள் மாணவி ஹாரியட் ஏங்கல்ஹார்ட்டின் நினைவாகக் கல்லூரிக்கென அவர் வாங்கிய தொகுப்பு, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்துக்குச் சென்றது. மாணவர்கள் அத்துண்டுகளைக் கையில் எடுத்து, இழை இழையாகக் கணக்கிட்டு, அது எப்படி நெய்யப்பட்டிருக்கும் என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடித்தனர். தம் முதன்மை நூலை ஆல்பர்ஸ் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களைத் தம் பெரும் ஆசிரியர்கள் என விளித்து அவர்களுக்கே காணிக்கையாக்கினார். இது உண்மையான வணக்கம்தான். எனினும் இதில் ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. அத்துண்டுகள் பெரும்பாலும் கல்லறைகளிலிருந்து வெளிவந்து, வணிகர் கைகளில் வெட்டுண்டு சந்தைக்கு வந்தவை. அவற்றை நெய்தவர்கள் யாருக்காக, எந்தச் சடங்குக்காக நெய்தனர் என்பதைவிட, எப்படி நெய்தனர் என்பதே ஆல்பர்ஸின் வகுப்பில் ஆராயப்பட்டது. கட்டமைப்பை மட்டும் வாசிக்கும் கண், அத்துணி ஒருவர் உடலைப் போர்த்திய உடை என்பதைச் சிலசமயம் மறந்துவிடுகிறது.

அவருடைய முறை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. அக்கால அமெரிக்காவில் கைநெசவுக்கு மறுவாழ்வு தந்தவர்களுள் தலைமையானவர் மேரி மெய்க்ஸ் ஆட்வாட்டர். முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குக் கைவேலை மூலம் மறுவாழ்வுப் பயிற்சி அளித்த அனுபவம் உள்ள அவர், பழைய அமெரிக்கப் போர்வைகளின் நெசவு வரைவுகளைத் திரட்டி, தம் ஷட்டில்-கிராஃப்ட் சங்கத்தின் வழியாக நாடெங்கும் வீடுகளில் நெய்துகொண்டிருந்த பெண்களுக்கு அஞ்சலில் பாடமாக அனுப்பிவந்தார். 1941இல் நெசவாளர் இதழ் ஒன்றில் ஆல்பர்ஸ் எழுதிய கட்டுரை, இத்தகைய வரைவுகளைப் பார்த்து அப்படியே நெய்வது சமையல் குறிப்பைப் பின்பற்றுவதற்கு ஒப்பானது என்ற பொருள்படக் கண்டித்து, கைநெசவாளரின் இன்றைய கடமை சோதனை செய்து ஆலைத் தொழிலுக்கு முன்மாதிரிகளை உருவாக்குவதே என வாதிட்டது. ஆட்வாட்டர் அதே இதழில் காரமாகவே பதிலளித்தார். ஓய்வுநேரத்தில் தறியில் உட்காரும் ஒருவருக்கு அது தரும் நிறைவு போதும். அவர் தொழிற்சாலைக்கு முன்மாதிரி செய்யவோ கலைஞராகவோ கட்டாயமில்லை என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம்.

கலை வரலாறு இவ்வழக்கில் ஆல்பர்ஸுக்கே வெற்றி வழங்கிவிட்டது; ஆனால் ஆட்வாட்டரின் வாதத்தில் வலு இல்லாமலில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வரைவு ஒன்றைத் திரும்ப நெய்பவர் சிந்திக்காதவர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆல்பர்ஸ் வணங்கிய பெரு நெசவாளர்களும் தம் முன்னோரின் வடிவங்களைத் திரும்பத் திரும்ப நெய்தவர்களே. மேலும், பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வகுப்புக்கு மாணவர் கையில் நேரம் இருக்க வேண்டும்; பண்ணை வீட்டில் இரவில் ஒரு மணிநேரம் கிடைக்கும் பெண்ணுக்கு அஞ்சலில் வந்த வரைவு பெரும் உதவியாகவே இருந்திருக்கும். ஆல்பர்ஸ் தரப்பில் சொல்லத்தக்கது, அவர் தம் கோரிக்கையைத் தாமே நிறைவேற்றினார் என்பது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் விடுதிக்காக குரோப்பியஸ் கேட்டபடி அவர் வடிவமைத்த படுக்கை விரிப்புகளின் கட்டங்கள், இளைஞர்களின் அழுக்கும் சிகரெட் சூடும் கண்ணுக்குத் தெரியாதபடி திட்டமிடப்பட்டவை. ஜான்சன் கட்டிய ராக்ஃபெல்லர் விருந்தினர் இல்லத்துக்கான திரைச்சீலை பகலில் அடக்கமாகவும் இரவு விளக்கொளியில் மினுக்கமாகவும் தெரியும் இழைகளால் ஆனது.

1949க்குப் பின், கணவர் யேல் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்க, அன்னிக்கு நிலையான வகுப்பறை இல்லாமல் போயிற்று. அதுவரை பட்டறையில் கையோடு கைசேர்த்துக் கொடுத்ததை, இனி உரையாகவும் கட்டுரையாகவும் நூலாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. 1965இல் வெளிவந்த 'ஆன் வீவிங்' இவ்வகையில் அச்சிட்ட பட்டறை என்றே கொள்ளத்தக்கது. கைநெசவைப் பற்றிப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முதல் இயலில் தொடங்கி, தறி, அடிப்படை நெசவுகள், வரைவுக் குறியீடு, பழங்கால இழைப்பின்னல்கள், தொடுவுணர்வு, திரைச்சித்திர நெசவு என்று அந்நூல் செல்கிறது. ஒரு துணியை எப்படி நெய்வது என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு அது இல்லை. வரைவுக் குறியீடு என்பது கட்டத்தாளில் பாவு மேலே வரும் இடத்தை நிரப்பியும் ஊடை மேலே வரும் இடத்தை வெறுமையாக விட்டும் நெசவைப் பதியும் முறை. அதை விளக்கும் பக்கங்களில், நெசவே அறியாத வாசகரும் ஒரு துணியை எழுத்துபோல வாசிக்கப் பழகிவிடுகிறார். மாணவர்களின் சோள மணிப் பயிற்சியும் தட்டச்சுப் பயிற்சியும், பெரு நாட்டுக் கல்லறைத் துணிகளுக்குச் சமமான மரியாதையோடு, படங்களாக அந்நூலில் இடம்பெற்றிருப்பது அவருடைய கணிப்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

தாமே 'சித்திர நெசவு' என வகைப்படுத்திய சிறு படைப்புகளில் ஆல்பர்ஸ் இதே பாடத்தைத் தறியில் எழுதினார். அடித்தளமாக ஒரு சாதா நெசவு ஓட, அதன் மேல் கூடுதல் ஊடையிழை ஒன்று, புடவையில் புட்டா போடப் பயன்படும் கூடுதல் ஊடையைப் போன்றதே, ஆனால் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப இடாமல், அலைந்து திரிந்து கோடாகச் செல்கிறது. 1936ஆம் ஆண்டின் 'பண்டை எழுத்து' போன்ற படைப்புகளில் அவ்விழை வாசிக்கமுடியாத ஒரு லிபியின் சாயலைக் கொள்கிறது. 1966–67இல் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்துக்காக, யூதப் படுகொலையில் இறந்த அறுபது லட்சம் பேரின் நினைவாக அவர் நெய்த 'ஆறு பிரார்த்தனைகள்' என்ற ஆறு நெடுந்துணிகளில், கறுப்பும் வெள்ளையுமான இழைகள் சாம்பலும் வெள்ளியும் கலந்த தளத்தில் வரிகளாக ஓடுகின்றன. எதையும் சொல்லாமல் எழுத்தின் தோற்றத்தை மட்டும் தரும் அவ்வரிகள், அப்பொருளுக்கு வேறெந்தச் சொல்லும் போதாது என்று கருதிய ஒருவரின் தேர்வாகவே படுகின்றன.

1963இல் கணவரோடு லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறைக்குச் சென்றபோது தொடங்கிய அச்சுக்கலை ஆர்வம், அவரை மெல்லத் தறியிலிருந்து விலக்கியது. கால்களைத் தளர்த்திய நோய் அவருக்கு நெடுங்காலமாக இருந்ததால், மிதித்தறியின் உழைப்பும் வயதோடு கூடிக்கொண்டே போயிருக்கும். 1970 அளவில் தறியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். ஆயினும் பேசுவதை விடவில்லை. 1982 பிப்ரவரியில், எண்பத்திரண்டு வயதில், நியூயார்க்கில் கூடிய கல்லூரிக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கலைக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவு பற்றிய அமர்வில் அவர் நிகழ்த்திய குறுகிய உரையின் தலைப்பே பொருளை உருவகமாகக் கொண்டது. நூல் தம்மைப் பிடித்துக்கொண்டது தம் விருப்பத்துக்கு மாறாக, ஏறக்குறைய தற்செயலாகத்தான் என்பதை அவர் அங்கே மறைக்கவில்லை. எந்தப் பொருளும், அது நூலோ கல்லோ சொல்லோ, தன் விருப்பத்தைச் சொல்லும் எனவும், செய்பவர் அதற்குச் செவிகொடுக்கப் பழக வேண்டும் எனவும் வாதிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிப் பட்டறையின் கதவு திறந்திருந்தால் இதே உரையைக் கண்ணாடியைப் பற்றி அவர் நிகழ்த்தியிருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கும் அவ்வுரை இடமளிக்கிறது; நெசவாளர்கள் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.